நரியும் பரியும் – ஒரு கடிதம்

அண்ணனுக்கு வணக்கம்.

அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். பதினெட்டு வெள்ளாடும் கொஞ்சம் நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறோம். போன வருடம் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு அந்தியூர் சந்தையில் ஒரு பெண்குதிரை வாங்கி வந்தார். அது இப்போது சினை, இந்த மாதக் கடைசியில் ஈனும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரமாகக் கண்மாய்க் கரையில் நரி ஊளையிடுகிறது, போன வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டுக்குட்டியைக் காணோம். ஆவுடையார்கோயில் கதையில் நரிகள் லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறியதாகச் சொல்வார்களே, நிஜத்திலும் நரி குதிரையைக் கடிக்குமா? கொழுந்தனார் வெடி வைத்துத் தீர்த்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

வெடி வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், இதை இன்றைக்கே கொழுந்தனாரிடம் சொல்லிவிடுங்கள். இறைச்சிக்குள் வெடிமருந்தை வைத்து வரப்பில் போட்டால் அதை நரிதான் எடுக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. உங்கள் வீட்டு நாய் எடுக்கலாம், மேயப்போன பக்கத்து வீட்டு மாடு வாய் வைக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளை கையில் எடுத்துப் பார்க்கலாம். தாடை சிதறிய பசு ஒன்றைச் சின்ன வயதில் பார்த்தேன், இரண்டு நாள் தண்ணீர் குடிக்க முடியாமல் நின்று செத்தது. சட்டமும் கடுமையானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு நரி முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது, கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை.

சரி, கதைக்கு வருவோம். நீங்கள் இருப்பதே அந்தக் கதையின் மண். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு நின்ற திருப்பெருந்துறைதான் ஆவுடையார்கோயில். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 59ஆவது படலத்தில் நரிகள் குதிரைகளாகின்றன, அடுத்த படலத்தில் அந்தக் குதிரைகள் ராத்திரியில் நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த குதிரைகளைக் கடித்துவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஊருக்குள் ஓடுகின்றன. எத்தனையோ முறை கேட்ட கதைதான், ஆனால் ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவனுக்கு அதில் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. கடிபட்டவை கொட்டிலில் கட்டிக் கிடந்த குதிரைகள். கயிற்றில் நிற்கும் குதிரையால் ஓடவும் முடியாது, திரும்பிப் பின்னங்காலால் உதைக்கவும் முடியாது. நரியோ அன்றைக்கு வேலிக்கு வெளியே இல்லை, மன்னனின் ஆட்களே உள்ளே கொண்டுவந்து கட்டிவிட்டார்கள்.

நிஜத்தில் நரி பத்துக் கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும் பிராணி. நல்ல உடம்புள்ள குதிரை ஒரு உதை விட்டால் அதற்கு எலும்பு மிஞ்சாது, அது நரிக்கும் தெரியும். எழுந்து நிற்கிற குதிரையை அது தொடாது. ஆபத்து ஒரே ஒரு நேரத்தில்தான் இருக்கிறது: குதிரை படுத்து ஈனும்போதும், குட்டி கால் ஊன்றி நிற்கப் பழகும் அந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலும். ரத்த வாடையும், ஈன்ற பிறகு விழும் நஞ்சுக்கொடியின் வாடையும் நரியை இழுக்கும், தெருநாயை அதைவிட வேகமாக இழுக்கும்.

தெருநாயைச் சொல்லக் காரணம் இருக்கிறது. காணாமல் போன உங்கள் குட்டியை நரிதான் கொண்டுபோனது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஊளை கேட்டதாலா? நரி குட்டியைத் தூக்கக்கூடியதுதான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தார்களே, அவர்கள் பறிகொடுத்ததெல்லாம் நாய்களிடம்தான். நாய்க்கூட்டம் பட்டிக்குள் புகுந்தால் பசிக்காகக் கடிப்பதோடு நிற்காது, தொடை, காது, பின்பக்கம் என்று கண்ட இடத்தில் கடித்துப் பத்துப் பதினைந்தைக் கிடத்திவிட்டுத் தின்னாமலே போய்விடும். நரி பெரும்பாலும் ஒரு சின்ன உயிரை எடுத்துக்கொண்டு மறைந்துவிடும். ஈர மண்ணில் தடம் பாருங்கள். நரியின் காலில் நடு விரல்கள் இரண்டின் மெத்தையும் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும், நாய்க்குத் தனித்தனியாக விழும். பட்டியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண்ணைச் சலித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்தால் காலையில் யார் வந்தார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, சேலம் பக்கம் வங்காநரி என்று சொல்வார்களே, அது வேறு பிராணி. மூன்று கிலோ எடைகூடப் பலவற்றுக்கு இருக்காது, எலி, பூச்சி, பழம் தின்று பிழைப்பது. கோழிக்குஞ்சை வேண்டுமானால் தூக்கும். இரண்டையும் நரி என்றே சொல்லிச் சொல்லி, ஒன்றின் பழியை இன்னொன்றின் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

இப்போது செய்ய வேண்டியவை. ஆட்டுப்பட்டிக்கு முள் மட்டும் போதாது, அடியில் தோண்டி வரும். கம்பிவலையை வெளிப்பக்கமாக மடக்கி ஓரடி அகலத்துக்கு மண்ணுக்குள் படுக்க வையுங்கள், தோண்டுகிற கால் அதில் இடித்து நிற்கும். குட்டிகளைத் தனியாக அடையுங்கள். ஊர் ஊராக மந்தையை ஓட்டிப்போய்க் கிடை போடும் கீதாரிகள் குட்டிகளைக் குடாப்பு என்கிற பெரிய கூடைக்குள் கவிழ்த்து வைப்பது சும்மா இல்லை. கோழிகளைப் பொழுது சாய்வதற்கு முன்பே அடைத்துவிட வேண்டும், இருட்டிய பிறகு தேடிப் பிடித்து அடைப்பது தாமதம், நரி கிளம்புவதே அந்தக் கருக்கல் நேரத்தில்தான். எங்கள் அப்பத்தா பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பார். ஒருநாள் கல்யாண வீட்டு அலைச்சலில் அதை மறந்துவிட்டார், காலையில் முற்றமெல்லாம் இறகு. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் மறந்ததே இல்லை, உடம்பு முடியாமல் படுத்த நாட்களிலும் “குழவி வச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார்.

வீட்டுக் குப்பை, கோழிக்கழிவு, செத்த குஞ்சு எதையும் கண்மாய்ப் பக்கம் எறியாதீர்கள், நரிக்கும் நாய்க்கும் வழி காட்டுவதே அதுதான்.

குதிரை விஷயத்துக்குத்தான் நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவற்றில் பெரும்பங்கு செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். அத்தனை குதிரைகளையும் நரியா கடித்தது? பக்குவம் தெரியாததால் போனவை அவை. உங்கள் வீட்டில் அப்படி ஆகக் கூடாது.

குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும், ஆள் நடமாட்டம் இருந்தால் தள்ளிப்போடவும் செய்யும். மடி பெருத்து, காம்பு நுனியில் மெழுகு மாதிரி கட்டினால் ஒன்றிரண்டு நாளில் ஈனலாம் என்று பொருள், சிலதுக்கு அது தெரியாமலும் போகும், அதனால் கடைசி இரண்டு வாரமும் ராத்திரியில் அடைத்தே வையுங்கள். நான்கு பக்கமும் மூடிய, உள்ளே தாராளமாகத் திரும்பிப் படுக்கக்கூடிய இடம் வேண்டும், தரையில் சுத்தமான வைக்கோல், கதவுக்கு அடியில் நாய் நுழையும் சந்து இருக்கக் கூடாது. கட்டாதீர்கள். ஆடுகளையும் கூட விடாதீர்கள், ஈன்ற குதிரை குட்டிக்குப் பக்கத்தில் எது வந்தாலும் உதைக்கும். ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்து சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோமே, பால் பெருகும் என்பதற்காகச் செய்வது. ஆனால் ரத்த வாடையுள்ள பொருள் நாய் நரிக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுவதும் அதிலேயே நடந்துவிடுகிறது. குதிரைக் கொடியை உடனே கட்டிவிடாமல், மூடியுள்ள வாளியில் வைத்திருங்கள். முழுசாக வந்துவிட்டதா என்று டாக்டர் விரித்துப் பார்க்க வேண்டும், உள்ளே ஒரு துண்டு தங்கினாலும் குதிரைக்கு உயிராபத்து. பார்த்த பிறகு ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பட்டப்பகலில், ஆளைக் கண்டும் பயப்படாமல் ஒரு நரி பட்டிக்குள் வந்தால் விரட்டப் போகாதீர்கள், வெறி பிடித்ததாக இருக்கலாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆட்டையோ குதிரையையோ மனிதரையோ கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும். ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

டாக்டரின் எண்ணைக் கொட்டில் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். குட்டி விழுந்த நேரத்தையும் கொடி விழுந்த நேரத்தையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் கொடி விழவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல், எந்த நேரமானாலும் அவரை எழுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்