‘கிரண்டில்ட்’ என்று எழுதலாமா?

கேள்வி: வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை செய்கிறேன். மாத அறிக்கையில் ‘கிரண்டில்ட் கஸ்டமர்ஸ்’ என்று எழுதினேன். ‘டிஸ்கிரண்டில்ட்’ என்றால் அதிருப்தி. ‘டிஸ்’ஸை எடுத்தால் திருப்திதானே? அப்படி ஒரு சொல்லே இல்லை என்று மேலாளர் அடித்துவிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: சொல் இருக்கிறது. ஆனாலும் மேலாளர் அடித்தது சரிதான்.

உங்கள் கணக்கு தப்பும் இடம் ‘டிஸ்’. அது எப்போதும் எதிர்மறை இல்லை. ‘கிரண்ட்’ என்பது பன்றியின் உறுமல். ஒருமுறை வெடிக்கும் ஓசையான ‘கிராக்’கிலிருந்து, விடாமல் படபடப்பதைச் சொல்லும் ‘கிராக்கிள்’ வந்த மாதிரி, அதிலிருந்து வந்தது ‘கிரண்டில்’: விடாமல் உறுமுவது, முணுமுணுப்பது. 17ஆம் நூற்றாண்டில் அதன்மேல் ஏறிய ‘டிஸ்’, பொருளுக்கு அழுத்தம்தான் கொடுத்தது. ஆக, பழைய கணக்குப்படி ‘டிஸ்’ஸை எடுத்தாலும் மிஞ்சுவது முணுமுணுப்புதான்!

ஆனால் ஆங்கிலேயர்களும் உங்களைப் போலவே கழித்துப் பார்த்தார்கள். திருப்தி என்ற பொருளில் ‘கிரண்டில்ட்’ 1920களில் அச்சேறிவிட்டது. 1938இல் நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. வுட்ஹவுஸ் ஒரு நாவலில் அதை வைத்து விளையாடினார். பிறகு நன்றாகவே பரவியது. பிறந்த கதை எப்படியோ, இத்தனை வருடம் புழங்கியபின் அது சொல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரெஞ்சுக்கு 1635 முதல் ஒரு அகாடமி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அப்படி முத்திரை குத்தும் அமைப்பு ஏதும் இல்லை, புழக்கம்தான் முத்திரை. கணினி சிவப்புக் கோடு போட்டால், அந்த மென்பொருளின் பட்டியலில் சொல் இல்லை என்று மட்டுமே அர்த்தம்.

(எல்லா ஜோடியும் இப்படி இல்லை. ‘அன்கெம்ப்ட்’டில் ‘அன்’ நிஜமான எதிர்மறை. ‘கெம்ப்ட்’ என்றால் சீவிய தலை. பழைய, அசல் சொல்.)

அகராதியில் சொல் இருக்கிறதா என்று பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள குறிப்பையும் படியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இதற்கு ‘ஹியூமரஸ்’ என்று குறிப்புப் போட்டிருக்கிறது. அதாவது, படிப்பவர் சிரிக்க வேண்டும் என்று எழுதுகிற சொல். அறிக்கையில் வந்தால், நீங்கள் வாடிக்கையாளரைக் கிண்டல் செய்வதாகத் தோன்றும். இல்லையென்றால் ‘டிஸ்’ விட்டுப்போனதாக நினைத்து, திருப்தியானவர்களை அதிருப்திக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ‘சாட்டிஸ்ஃபைட்’ போதும்.

மேலாளரிடம் அகராதியைத் தாராளமாகக் காட்டலாம். அறிக்கையைத் திருத்திக் கொடுத்த பிறகு.