வாசகர் கேள்வி-பதில்: துறைமுகப் பூங்கா யாருக்கு?

போன இதழில் சிட்னி துறைமுகத் தேசியப் பூங்காவைப் பற்றி நாலு வரி எழுதப்போய், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக் கடிதங்கள் சண்டைக்கு வந்தவை. அவற்றுக்கே முதலிடம்.

கேள்வி: ரயில், ஃபெரி, பஸ் என்று மாறி மாறி, மேன்லி பக்கத்தில் கடலுக்குள் நீளும் முனையான நார்த் ஹெட்டுக்கு வந்து சேர்கிறோம். வந்தால் நாய் கூடாது, வேலியைத் தாண்டாதே என்று எங்கே திரும்பினாலும் பலகை. பூங்கா மக்களுக்கா, பெங்குவினுக்கா?
- ஒரு வாசகி, பெண்டில் ஹில்

பதில்: கோபம் நியாயம்தான் அம்மா. அவ்வளவு தூரம் வந்தவருக்குப் பலகை வரவேற்பு கொடுத்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் இடத்தின் அளவைக் கொஞ்சம் பாருங்கள். 1975இல் அறிவித்த இந்தப் பூங்கா மொத்தமே 400 ஹெக்டேருக்குக் கிட்டத்தான். அதுவும் ஒரே துண்டாக இல்லை. நார்த் ஹெட், பிராட்லீஸ் ஹெட், நீல்சன் பார்க், ஷார்க் தீவு, கிளார்க் தீவு என்று துறைமுகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. சுற்றிலும் ஐம்பது லட்சத்துக்கு மேல் ஜனம்.

நார்த் ஹெட்டின் மணல்மேட்டில் பார்த்திருப்பீர்களே, பாங்க்சியா என்ற ஆஸ்திரேலியச் செடியின் புதர்க்காடு. ஒரு காலத்தில் அங்கிருந்து பாட்டனி பே வரைக்கும் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்த காடு அது. இன்றைக்கு மிஞ்சியது மூன்று சதவீதம்கூடத் தேறாது. அதற்குள் ஒரு மண்பாதை போகிறது என்று வையுங்கள். மழை பெய்து நடுவில் குட்டை கட்டும். ஷூ நனையக்கூடாதென்று முதல் ஆள் ஓரமாகச் செடியை மிதித்துச் சுற்றிப் போவார். பின்னால் வருபவர்களுக்கு அதுதான் பாதை. அடுத்த மழையில் அதுவும் சேறாகும், இன்னும் ஓரம் போவார்கள். ஒரு பருவம் முடிவதற்குள் ஓராள் பாதை வண்டிப்பாதை மாதிரி அகன்றுவிடும். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை, எல்லோரும் ஷூவைத்தான் காப்பாற்றினார்கள்! அந்த ஷூவில் ஒட்டிய சேற்றோடு பைட்டாப்தோரா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமியும் பயணம் போகும். வேரை அழுக வைக்கும், வந்த இடத்தை விட்டுப் போகாது. சில பாதைகளின் வாசலில் ஷூ தேய்க்கும் பிரஷ் வைப்பது இதற்காகத்தான்.

நாய் விஷயத்தில் நான் நிர்வாகத்தின் பக்கம். 2015இல் மேன்லி பக்கம் நுழைந்த ஒரே ஒரு நரி, அங்கே கூடு கட்டும் சின்ன இனப் பெங்குவின்களில் 20க்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. உங்கள் நாய் சாது என்பது உங்களுக்குத் தெரியும், பெங்குவினுக்குத் தெரியாதே. அப்புறம், நீள்மூக்கு பாண்டிகூட் ஒன்று இருக்கிறது. பார்த்தால் பெருச்சாளி, ஆனால் கங்காரு மாதிரி பை வைத்த பிராணி. காலையில் புல்வெளியில் கூம்பு கூம்பாகச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது ராத்திரி மூக்கை நுழைத்துப் புழு தேடிய அடையாளம். என் கணக்கு எளிது. பகல் நமக்கு, இரவு அவற்றுக்கு. இந்த நேரப் பங்கீடு ஒழுங்காக நடந்தால் பாதிப் பலகைகளைக் கழற்றிவிடலாம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: செடியை மிதிக்காதே என்று எங்களுக்குச் சொல்பவர்கள், 2020இல் தாங்களே தீ வைத்து மலையை எரித்தார்களே?
- ஒரு வாசகர், ஹோம்புஷ்

பதில்: குத்தல் சரியான இடத்தில்தான் விழுகிறது. அந்த அக்டோபரில் நார்த் ஹெட்டில் திட்டமிட்டு மூட்டிய தீ, காற்றில் கைமீறி 60 ஹெக்டேருக்கு மேல் தின்றது. ஆனால் தீ வைத்த காரணம் தப்பில்லை. பாங்க்சியாவின் காய்கள் கட்டைபோல இறுகியிருக்கும், சூடுபட்டால்தான் பல காய்கள் வாய் திறந்து விதையை விடும். பல வருஷம் நெருப்பே படாவிட்டால் அந்தப் புதர்க்காடு கிழடாகிப் போகும். எரிந்த பிறகு சாம்பலில் முளைப்பவை சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது. அந்தச் சமயத்தில் ஒரு செல்ஃபிக்காக உள்ளே போகும் பத்துப் பேர் செய்யும் சேதம், வளர்ந்த காட்டில் ஆயிரம் பேர் செய்வதைவிட அதிகம். நிர்வாகம் தவறினால் கேள்வி கேளுங்கள். வேலியைத் தாண்ட அதைச் சாக்காக்காதீர்கள்.

கேள்வி: கூட்டம்தானே பிரச்சினை? ஆளுக்கு இருபது டாலர் டிக்கெட் போட்டால் தானாகக் குறையுமே?
- ஒரு வாசகர், ஸ்ட்ராத்ஃபீல்ட்

பதில்: குறையும், சரி. யார் குறைவார்கள்? மேன்லியில் வீடு வைத்திருப்பவருக்கு இருபது டாலர் ஒரு காலைச் சாப்பாட்டுக் காசு. மேற்குப் புறநகரிலிருந்து ஆறு பேராக வரும் குடும்பத்துக்கு நூற்றிருபது. சேதத்தைக் குறைக்காமல் ஆளை மட்டும் மாற்றும் ஏற்பாடு இது. தீவுகளில் இறங்கக் கட்டணம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே இடம் கைகொள்ளும் அளவுதான், எண்ணித்தான் விடவேண்டும். நடந்து வருபவரிடம் கை நீட்டக்கூடாது.

கேள்வி: மேன்லியில் பெங்குவின் பார்க்க எத்தனை மணிக்கு நின்றால் நல்ல போட்டோ கிடைக்கும்?
- ஒரு மாணவர், வென்ட்வொர்த்வில்

பதில்: நேரத்தைச் சொல்லமாட்டேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. கிலோ கணக்கில் ஒன்றுதான் தேறும் அந்தப் பறவை, நாள் முழுக்கக் கடலில் மீன் பிடித்துவிட்டு இருட்டிய பிறகு கரையேறும். கூட்டுக்கும் அதற்கும் நடுவில் நீ நின்றால் திரும்பத் தண்ணீருக்கே போய்விடும். குஞ்சு பசியோடு கிடக்கும். மேன்லியில் வாழும் இந்தப் பெங்குவின் கூட்டத்தை 1997லேயே அழியும் அபாயத்தில் இருப்பதாக அறிவித்துவிட்டார்கள். இனப்பெருக்கக் காலத்தில் தன்னார்வலர்கள் மாலையில் வந்து காவல் நிற்கிறார்கள். பார்த்தே ஆகவேண்டும் என்றால் அவர்களோடு போய் நின்று கதை கேள். ஃப்ளாஷ் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம்.

கேள்வி: ட்ரோன் விடலாமா?
- அதே மாணவர்

பதில்: அனுமதி இல்லாமல் கூடாது. கேட்காமலே பதில் தெரிந்திருக்குமே.

கேள்வி: என் மாமியார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். திமிங்கிலம் பார்க்க ஆசை. இந்தப் பூங்காவில் வழியுண்டா?
- ஒரு வாசகி, வெஸ்ட்மீட்

பதில்: தாராளமாக. நார்த் ஹெட்டில் ஃபேர்ஃபாக்ஸ் நடைபாதை என்று கேளுங்கள். தளம் போட்ட சுற்றுப்பாதை. முனையில் புர்ராகுலா, யினிங்மா என்று இரண்டு பார்வை மேடைகள். பாதை உறுதியாக இருப்பதால் நாற்காலி உருளும், யாரும் ஓரத்துச் செடிக்குள் இறங்கவேண்டிய அவசியமும் வராது. கட்டிய காசு இரண்டு வேலையையும் செய்கிறது. வருஷா வருஷம் பலகைக்குச் செலவழிப்பதை இப்படிப்பட்ட பாதைகளுக்குப் போட்டால் நான் கைதட்டுவேன். ஜூன், ஜூலையில் திமிங்கிலங்கள் வடக்கே போகும், அப்போது கூட்டிப் போங்கள். மேன்லி துறையிலிருந்து மேலே பஸ் உண்டு. மாமியாருக்குக் கம்பளிக் குல்லாய் மறக்காதீர்கள், மேலே காற்று காதை அறுக்கும்.