மூத்தவனுக்கு இரண்டரை வயது, அடுத்தது வரப்போகிறது: டபுள் ஸ்ட்ரோலர் தேவையா?

கேள்வி: பையனுக்கு இரண்டரை வயது. இரண்டு மாதத்தில் அடுத்த பிரசவம். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, சின்ன லிஃப்ட். பழைய ஸ்ட்ரோலரின், அதாவது குழந்தைத் தள்ளுவண்டியின், சக்கரம் போய்விட்டது. இருவர் உட்காரும் டபுள் ஸ்ட்ரோலரை 28,000 ரூபாய்க்குக் காட்டி, “அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டரை வயதுப் பையன் ஓடுகிறவன். இன்னும் ஆறு மாதத்தில் வண்டியில் உட்காரச் சொன்னால் இறங்கித் தானே தள்ளுகிறேன் என்பான். அந்த அஞ்சு வருஷமும் நடக்காது. பல வண்டிகளின் எடை வரம்பே 15 கிலோ. சில 22 கிலோ வரை தாங்கும். வண்டியின் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள், கடைக்காரரின் வாயை நம்பாதீர்கள்.

எடையைக் கூட்டிப் பாருங்கள். டபுள் வண்டி காலியாகவே 12 முதல் 15 கிலோ. பையன் 12, கைக்குழந்தை 3. முப்பதைத் தொடுகிறது. சிசேரியன் ஆனால் முதல் ஆறு வாரம் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. லிஃப்ட் நின்றுபோன நாளில் என்ன செய்வீர்கள்? அகலமும் உதைக்கும்: பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை சுமார் 75 செ.மீ. லிஃப்ட் கதவு முழுதாகத் திறந்தபின் இருக்கும் இடைவெளியை டேப்பால் அளந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

உங்களுக்குத் தேவை ஒற்றை வண்டி, முதுகுப்பக்கம் முழுக்கச் சாய்வது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. நிமிர்ந்த சீட்டில் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் முட்டும். மூச்சு போகும் வழி குறுகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, சீட்டுக்கும் முதுகுப்பக்கத்துக்கும் இடையே 150 டிகிரியாவது இருக்கும்படி சாய வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரவிதி இஎன் 1888. அட்டைப்பெட்டியில் ‘நியூபார்ன்’ என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நீங்களே சாய்த்துவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: பாய் விரித்த மாதிரி தெரிய வேண்டும்.

அடுத்து ‘டிராவல் சிஸ்டம்’ என்று, காரில் மாட்டும் குழந்தை சீட்டோடு சேர்த்துத் தள்ளப் பார்ப்பார்கள். கார் இல்லாதவர்களுக்கும் விற்கிறார்கள் என்பதுதான் கோபம். ஆட்டோவில் அந்த சீட்டை மாட்ட பெல்ட்டே கிடையாது. கார் வைத்திருந்தாலும், பயணம் முடிந்ததும் குழந்தையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். மணிக்கணக்கில் தூங்கவிடும் இடமல்ல அது.

சோதனைக்குப் பத்து கிலோ அரிசிப் பை ஒன்று போதும். அதை சீட்டில் வைத்து, கடையின் வழுவழு டைல்ஸில் அல்ல, வாசல் நடைபாதையில் ஒரு கையால் தள்ளுங்கள். அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம். ஐந்து அங்குல ஜோடிச் சக்கரம் சிமென்ட் பலகை இடுக்கில் மாட்டித் திரும்பிக்கொள்ளும். முன்சக்கரம் எட்டு அங்குலமாவது இருக்கட்டும். பைக், டிரான்ஸ்பார்மர், பெயர்ந்த கல் எல்லாம் நடைபாதையில் கிடக்க, குழந்தையோடு தார்ச்சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. நடைபாதை போட்டவர்கள் ஒருநாள் அரிசிப் பையையாவது அதில் தள்ளிப் பார்த்திருக்கலாம்.

பிறகு பையை எடுத்துவிட்டு மடியுங்கள். கீல் இடுக்கு விரலைக் கவ்வும். மெக்லாரன் நிறுவனத்தின் ஸ்ட்ரோலர்களில் குழந்தைகளின் விரல்நுனி துண்டானதால் 2009-இல் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மடிக்கும்போதும் விரிக்கும்போதும் பையன் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். பெல்ட் ஐந்து முனை: தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால் நடுவில் ஒன்று. கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டினால் குழந்தையைத் தூக்கிய நொடியில் வண்டி பின்னால் கவிழும். வெயிலுக்குத் துணியால் மூடாதீர்கள், உள்ளே சூடு ஏறிவிடும்.

டபுள் யாருக்கு? இரட்டைக் குழந்தைகளுக்கும், ஒன்றரை வயதுக்குக் குறைந்த இடைவெளி உள்ளவர்களுக்கும். அதிலும் யோசிக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் என்றால் இரண்டு சீட்டும் தனித்தனியே சாய வேண்டும். ஒன்று தூங்கும், ஒன்று எட்டிப் பார்க்கும். முன்பின் வகை லிஃப்டில் நுழையும், ஆனால் நீளம். பின்சீட்டுக் குழந்தைக்குக் கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று உட்காரவைத்தே பார்க்க வேண்டும். சிலவற்றில் ஒரு சீட்டு மட்டுமே முழுக்கச் சாயும். இரட்டையருக்கு அது ஆகவே ஆகாது, இரண்டு கழுத்தும் நிற்காதவை. இடைவெளி உள்ளவர்களுக்குப் போதும்.

உங்கள் பையன் களைத்தால் நிற்க, பின்சக்கர அச்சில் மாட்டும் சக்கரப் பலகை கிடைக்கிறது. பெரும்பாலும் 20 கிலோ வரை தாங்கும். நீங்கள் எட்டு வைக்கும்போது முழங்காலுக்குக் கீழே பலகை இடிக்கும், நடை குறுகும். சீட்டு காலியாக இருக்கும்போது அவனைப் பலகையில் ஏற்றாதீர்கள், வண்டி பின்னால் சாயும். பலகையை இப்போதே வாங்க வேண்டாம். பிரசவம் முடிந்து இரண்டு மாதம் போகட்டும். அவன் உங்கள் கையைப் பிடித்து நடந்தே வருகிறானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.