சந்திரயானை ஏன் இழுத்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

ஊர் காரைக்குடி. ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன், விருப்பப் பாடம் சினிமா. வகுப்பில் பல நாட்டுக்காரர்கள். வேலைக்கு அவசியமான சைக்கிளைப் பறிகொடுத்த தொழிலாளியைப் பற்றிய இத்தாலியப் படம் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்தபோது டச்சு நண்பன், “சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாதா?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் சத்யஜித் ராயின் வங்காளப் படம் ‘பதேர் பாஞ்சாலி’, ஏழைக் கிராமக் குடும்பம் ஒன்றின் கதை. முடிந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மெக்ஸிகோ பெண் ஒருத்தி, “அந்த அம்மா வீட்டிலிருக்கும் கிழவியை ஏன் இப்படி விரட்டுகிறாள்?” என்று கேட்டாள். “அது அந்தக் காலம், இப்போது நாங்கள் நிலவுக்கே சந்திரயான் அனுப்பிவிட்டோம்” என்றேன். ஒரே பிரச்சினையை ஆளுக்கொரு விதமாகப் பார்க்கிறார்களே, யார் பார்ப்பது சரி? படிக்க நூல்கள் உண்டா?

க.

அன்புள்ள க.,

நூல்களை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள், அவருக்கு அதற்குத்தான் சம்பளம். யார் பார்ப்பது சரி என்று மார்க் போடவும் நான் ஆளில்லை. ஆனால் ஒரு வரி என்னைச் சீண்டிவிட்டது. கிழவியைப் பற்றிக் கேட்டால் சந்திரயானை ஏன் இழுத்தீர்கள்?

டச்சு நண்பன் கேட்டதில் தப்பே இல்லை. களவு போனால் இன்ஷூரன்ஸ், வேலை போனால் அரசாங்கப் பணம் என்று வளர்ந்தவனுக்கு, போருக்குப் பிந்தைய ரோமில் எது இல்லை என்பது உடனே தெரிகிறது. நமக்கு அது பழகிப்போன இல்லாமை, கண்ணில் படாது. நமக்கு வேறு ஏதாவது படும். என் அம்மா அந்தப் படத்தை டிவியில், ஒரு வசனமும் புரியாமல் பார்த்தாள். அடகிலிருக்கும் சைக்கிளை மீட்க மனைவி கட்டில் விரிப்புகளை உருவிக்கொண்டு போவாள் இல்லையா? “கல்யாணச் சீரா வந்ததா இருக்கும்” என்றாள் அம்மா. அடகுக் கடை ஆள் அந்த மூட்டையோடு அலமாரியில் ஏறிக்கொண்டே போகிறான். உயர உயர அடுத்தவர் வீட்டு மூட்டைகள். “வட்டி என்ன போடுவானாம்?” என்று கேட்டாள். ஃபிலிம் சொசைட்டியில் நியோரியலிசம், அதாவது எளியவர்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்டிய இத்தாலிய சினிமா பாணி பற்றி மணிக்கணக்கில் பேசிய எங்களில் ஒருவருக்கும் வட்டி தோன்றியதில்லை.

வெளியூர்க்காரன் தெரியாமல் கேட்டால் படத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. உள்ளூர்க்காரனின் மானப் பிரச்சினைதான் படத்தைப் பார்க்கவே விடாது. 1952இல் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எடுத்த டி சிகாவின் ‘உம்பர்ட்டோ டி’ வந்தது. பென்ஷன் பற்றாத ஒரு கிழவரும் அவர் நாயும். சினிமாவைக் கவனித்துவந்த அரசுப் பொறுப்பாளர் ஜூலியோ ஆண்ட்ரியோட்டி, பிற்பாடு பிரதமரானவர், இது நாட்டுக்குச் செய்யும் கெடுதல் என்கிற தொனியில் பகிரங்கக் கடிதமே எழுதினார். 1980இல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த இந்தி நடிகை நர்கிஸ், சத்யஜித் ராய் இந்தியாவின் வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்றார். ‘மதர் இந்தியா’ படத்தில் தானே ஏர் இழுத்தவர்! அந்த வறுமையில் பாட்டு இருந்தது, அதனால் பரவாயில்லை போலிருக்கிறது.

இத்தனைக்கும் ராய் 1950இல் லண்டனில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்துவிட்டு, எடுத்தால் இப்படித்தான் எடுப்பது என்று தீர்மானித்துக்கொண்டு ஊர் திரும்பியவர். அந்த ரோமாபுரித் தொழிலாளியை இத்தாலியின் அவமானமாக அவர் பார்த்திருந்தால் நமக்கு ‘பதேர் பாஞ்சாலி’யின் அபுவும் இல்லை, அவன் அக்கா துர்காவும் இல்லை.

நீங்கள் காரைக்குடிக்காரர், தம்பி. நான்கு பேர் திரும்பிப் பார்த்ததும் அந்தப் படத்துக் கிராமமான நிஷ்சிந்திபூருக்கு வக்கீலாகிவிட்டீர்கள். யார் உங்களை அமர்த்தினார்கள்? வெட்கம் வந்தது இயல்புதான், அந்த வயதில் யாருக்கும் வரும். ஆனால் அதில் அந்தப் பெண்ணின் கேள்வியைத் தொலைத்துவிட்டீர்கள். அந்த வகுப்பில் எழுந்ததிலேயே நல்ல கேள்வி அது. அந்தப் பிள்ளைகளின் அம்மா சர்வஜயா கொடுமைக்காரி இல்லை. புருஷனுக்குப் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டு வாங்கும் சாமர்த்தியம் கிடையாது. துர்கா திருடிவரும் கொய்யாவைக் கிழவி தின்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியின் பேச்சை வாங்கிக்கொள்வது சர்வஜயா. உடம்பு முடியாமல் திரும்பி வந்த கிழவி தண்ணீர் கேட்டால், நீயே எடுத்துக்கொள் என்கிறாள். கிழவி குடித்துவிட்டு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றுகிறாள். காரைக்குடியில் இதைப் பார்த்ததே இல்லையா நீங்கள்? வீட்டில் அரிசிப் பானை காலியானால் முதலில் யார் தட்டு கனக்கிறது மருமகளுக்கு? இதையல்லவா அந்த மெக்ஸிகோ பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் அதைக் கேட்டாள் என்றால் சும்மா கேட்டிருக்க மாட்டாள். போய்ப் பேசுங்கள். அவள் வீட்டில் பாட்டி யாரிடம் சாப்பிட்டாள், யார் முகம் சுளித்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.