அது வேறு விஷயமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாவது படிக்கிறாள். போன மாதம் டியூஷனுக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. வெளியே தெரிந்தால் மானம் போகுமே என்று சொந்தக்காரர் வீடுகளில் மட்டும் தேடினோம். மூன்றாம் நாள் சேலம் ஜங்ஷனில் ரயில்வே போலீசார் மீட்டு, குழந்தைகள் நலக் குழு மூலம் ஒப்படைத்தார்கள். வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. (பரீட்சை முடிந்ததும் என் தம்பிக்குக் கட்டிவைப்பதாகப் பேச்சு, அது வேறு விஷயம்.) செல்போன்தான் கெடுத்துவிட்டது. படிப்பை நிறுத்திவிடலாமா?
- வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: செல்போனை விடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஒரு வரியை எழுதி, 'அது வேறு விஷயம்' என்று மூடியும் போட்டிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

தம்பிக்கு எத்தனை வயது? எழுதவில்லை. மகளைக் கேட்டீர்களா? அதையும் எழுதவில்லை. காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைத்தீர்களோ, அவரையே மாப்பிள்ளை என்று காட்டினால் அந்தப் பெண் யாரிடம் போய் அழுவாள்? அம்மாவிடமா? மாப்பிள்ளைக்கு அக்கா. பாட்டியிடமா? மாப்பிள்ளைக்கு அம்மா. நம் ஊரில் பெண்ணுக்கு ஒன்று என்றால் முதலில் வந்து நிற்க வேண்டியவர் தாய்மாமன். அந்தக் கதவையும் நீங்களே சாத்திவிட்டீர்கள். மிச்சம் இருந்தது ரயில்வே ஸ்டேஷன்தான்.

பல வருடமாக இப்படிக் கடிதங்கள் வருகின்றன. பெண்ணைக் காணோம் என்றால் யார் கூட்டிப்போனான் என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். எதற்குப் பயந்து போனாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அப்புறம் அந்த மானம். குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் போலீஸ் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் படியேறவே இல்லை. ரயில்வே போலீசாருக்கு முன் ஒரு புரோக்கர் கண்ணில் பட்டிருந்தால்?

சட்டம் தெரியாது என்பீர்கள். 18 வயதுக்குள் பெண்ணைக் கட்டிக்கொள்கிற ஆணுக்கும், நடத்திவைக்கிற பெரியவர்களுக்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். பெண் என்பதால் உங்களுக்குச் சிறை கிடையாது, அபராதம் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் தம்பி மேல் பாயும்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகட்டும். பெரியவர்கள் முறைப்பெண், வாக்கு என்று குதித்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட சமூக நல அலுவலரும் வந்து தடுப்பார். அக்காவாக இருந்தது போதும், கொஞ்சம் அம்மாவாக இருங்கள். இந்தப் பேச்சு முடிந்தது என்று இன்று ராத்திரியே தம்பியிடம் சொல்லுங்கள். சொல்லும்போது மகள் பக்கத்தில் இருக்கட்டும்.