செக் திரும்பிவிட்டதா? தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

கைமாற்றாகக் கொடுத்த 80,000 ரூபாய்க்கு வாங்கிய செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. போலீசில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம். செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138-ஆவது பிரிவில், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நீங்களே தனிப் புகார் போட வேண்டும். உங்கள் கணக்கு உள்ள பேங்க் கிளை எந்தக் கோர்ட் எல்லையில் இருக்கிறதோ, அங்கே.

செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு செக் கொடுத்தவருக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். செக்கில் 80,000 என்றால் நோட்டீஸிலும் 80,000 என்றே கேளுங்கள். வட்டியையும் சேர்த்து மொத்தமாக 92,000 என்று எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். வட்டி, வக்கீல் செலவு வேண்டுமானால் தனி வரியில், தனித் தொகையாக.

நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணத்தைக் கொடுக்க அவருக்கு 15 நாள் அவகாசம். மார்ச் 5-இல் வாங்கினார் என்றால் 20 வரை காத்திருங்கள். 21-க்கு முன் வழக்குப் போட்டால் நிற்காது. அதன்பின் வழக்குப் போட ஒரு மாதம்தான். ஏப்ரல் 20-க்குள் போட்டுவிடுவது நல்லது. ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதற்கு பேங்க் தரும் சீட்டு), ஒரிஜினல் செக், நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீது மூன்றும் தொலையக்கூடாது.

நோட்டீஸுக்கான 30 நாள் தவறிவிட்டதா? செக் தேதியிலிருந்து 3 மாதம் முடியவில்லை என்றால் மறுபடி பேங்கில் போடுங்கள். திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்கும்.