மூன்று டெஸ்லா மெஷினுக்காகச் சேலம் போக வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் பல வருடம் வேலை பார்த்தவர். தொப்பூர் கணவாயில் பைக் விபத்தில் கால் முறிந்து, தகடு வைத்திருக்கிறார்கள். இப்போது இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார் டாக்டர். தர்மபுரியில் விசாரித்த இடத்தில் 1.5 டெஸ்லா, சேலத்தில் 3 டெஸ்லா என்கிறார்கள். அங்கே கட்டணமும் கூடுதல். 3 என்றால் இரண்டு மடங்கு தெளிவாகத் தெரியுமா? அவ்வளவு பெரிய காந்தம் தகட்டை இழுத்துவிடாதா? பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காலில் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அது போதுமா? — பாலக்கோடு வாசகர்

பதில்: டாக்டர் குறிப்பாக 3 டெஸ்லா என்று எழுதவில்லையென்றால் தர்மபுரியிலேயே எடுங்கள். இடுப்பில் ஜவ்வு விலகியிருக்கிறதா, நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க 1.5 தாராளமாகப் போதும்.

டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமையைச் சொல்லும் அளவு. திசைகாட்டி முள்ளைத் திருப்புகிற பூமியின் காந்தப்புலம் நம் பக்கம் சுமார் 0.00004 டெஸ்லாதான். அப்படியானால் 1.5 டெஸ்லா மெஷின் அதைவிட ஏறக்குறைய 37 ஆயிரம் மடங்கு வலுவானது. எதற்கு இவ்வளவு? உடம்பிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. மெஷினுக்குள் போனதும் அவற்றில் கிட்டத்தட்ட பாதி புலத்தின் திசையிலும் மீதி எதிர்த்திசையிலும் நின்று, ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். 1.5 டெஸ்லாவில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய ஐந்துதான் மிச்சம். அந்த ஐந்திலிருந்து வரும் சன்னமான ரேடியோ சிக்னலைப் பிடித்துத்தான் படம் உருவாகிறது. 3 டெஸ்லாவில் ஐந்து பத்தாகும். காந்தத்தைப் பெரிதாக்கினால் கிடைப்பது இதுதான்.

சிக்னல் கூடுவது உண்மை. மூளையின் சிறு ரத்தக்குழாய், மணிக்கட்டு மாதிரி சின்ன மூட்டு, புராஸ்டேட் இவற்றுக்கெல்லாம் 3 டெஸ்லா கைகொடுக்கும். ஆனால் அதற்கு விலையும் உண்டு. ரேடியோ அலையால் உடம்பில் ஏறும் சூடு, அதே மாதிரி ஸ்கேனுக்கு ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால் மெஷினே அதைக் கட்டுப்படுத்தி ஓட வேண்டியிருக்கும். உடம்பில் உலோகம் இருந்தால் அதைச் சுற்றிப் படம் கலைவதும் 3-ல் அதிகம். உடம்புக்குள் வைக்கும் தகடு, கருவிகளில் 1.5 வரைக்கும் மட்டும் அனுமதித்தவையும் இருக்கின்றன. அப்பாவின் தகடு காலில்தான் இருக்கிறது, இடுப்புப் படத்தைக் கெடுக்காது. முதுகெலும்பிலேயே ஸ்குரூ போட்டவர்கள் என்றால் நான் அடித்துச் சொல்வேன், 1.5-தான் நல்லது.

தகட்டுக்கு வருவோம். எலும்புக்கு வைப்பது பெரும்பாலும் டைட்டானியம், அல்லது ஆபரேஷனுக்கென்றே தயாரிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டையும் காந்தம் இழுக்காது, அதோடு ஸ்குரூ வேறு இறுகப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் சூடாக உணரலாம், அப்படி இருந்தால் கையில் கொடுக்கும் பஸ்ஸரை அழுத்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் காந்த சோதனையை மறந்துவிடுங்கள். தோலையும் சதையையும் தாண்டுவதற்குள் அதன் வலு வடிந்துவிடும். ஒட்டவில்லை என்பதால் எதுவும் நிரூபணமாகாது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன தகடு என்று எழுதியிருக்கும், அதை எடுத்துப் போங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது தகடு இல்லை, குவாரி. கல்தூள் பிரச்சினையில்லை. உளித் தலையில் சம்மட்டி விழும்போது தெறிக்கும் இரும்புச் சில், கிரைண்டர் பொறி, இவைதான் ஆபத்து. கண்ணில் ஏதோ பட்டது, தண்ணீர் விட்டுக் கழுவினோம், சரியாகிவிட்டது என்று விட்டிருப்பார்கள். உள்ளே தங்கிய துகள் வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் கிடக்கும். அந்த மாதிரித் துகள் எம்.ஆர்.ஐ.யில் நகர்ந்து, கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை பாதித்த சம்பவம் 1980களிலேயே பதிவாகியிருக்கிறது. அதனால் அப்பாவிடம் பொறுமையாகக் கேளுங்கள்: எப்போதாவது கண்ணில் இரும்பு பட்டதா, டாக்டர் யாராவது எடுத்தார்களா? ஆமாம் என்றாலோ, ஞாபகமில்லை என்றாலோ, முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம். ஓசூரில் லேத், வெல்டிங் வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை, கார்டு இருந்தால் காட்டினால் போதும்.

இன்னொன்று, இந்தக் காந்தத்துக்கு ஸ்விட்ச் போட்டு அணைக்கிற வழக்கமே கிடையாது. நயோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளை மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் வைத்திருப்பார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே இல்லாததால், ஒருமுறை ஏற்றிய மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும் காந்தம் இருக்கும், நள்ளிரவில் ஆளில்லாத அறையிலும் இருக்கும். ஸ்கேனின்போது கேட்கும் டமடம சத்தம் வேறு சுருள்களிலிருந்து வருவது. சத்தம் நின்றுவிட்டது, மெஷின் ஆஃப் என்று நினைத்து உள்ளே போகிற உறவினர்களை நிறையப் பார்க்கலாம்.

இழுவிசை எங்கே அதிகம் என்பதும் பலருக்குத் தெரியாது. நோயாளி படுக்கும் குழாயின் நடுவில் புலம் சீராக இருப்பதால் அங்கே இழுப்பு குறைவு. குழாயின் வாசலில்தான் புலம் சட்டென்று ஏறுகிறது, இரும்பைப் பறிப்பது அந்த இடம். புது மெஷின்களில் புலம் வெளியே பரவாதபடி கட்டுப்படுத்தியிருப்பதால், கொஞ்ச தூரத்தில் நிற்கும்வரை கையிலுள்ள இரும்புக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு எட்டு வைத்ததும் பிடுங்கிக்கொண்டு போகும். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போய் உயிரிழந்தார்.

அப்பாவின் அரைஞாண் கயிறு, தாயத்து, பெல்ட், போன், ஏ.டி.எம். கார்டு எல்லாம் வெளியே. தாயத்துக்குள் என்ன தகடு சுருட்டி வைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அம்மா துணைக்கு உள்ளே போவதாக இருந்தால் தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்கைக் கழற்றச் சொல்லுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கு இரும்பு. ஊசி, ஹேர்பின்னும் அப்படித்தான். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடப்பதைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், சென்டரில் அதற்கென்று தனியாக வைத்திருப்பதைக் கேளுங்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே போனில் தகடு, குவாரி இரண்டையும் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே தேவையென்றால் அதே நாளில் முடித்துவிடலாம், பாலக்கோட்டுக்கும் தர்மபுரிக்கும் இரண்டு தடவை அலைய வேண்டாம்.